வாட்டம் பார்த்த மாமனார்

சொந்தமாக ஒரு வீடு, அதில் மெத்தை, ஹீட்டர், ஏ.சி. எல்லாம் போட்டு, முப்பது வருடத் தவணையும் கட்டிக்கொண்டிருக்கிற மனிதர்கள், கோடை பிறந்ததும் அந்த வீட்டைப் பூட்டிவிட்டுக் காட்டுக்குப் போய், காசு கொடுத்துத் தரையில் படுத்து, கொசுவுக்கு ரத்ததானம் செய்துவிட்டு, சட்டையெல்லாம் விறகுப் புகை நாற்றத்தோடு திரும்பி வருவதை அமெரிக்காவில் கேம்பிங் என்கிறார்கள். எங்கள் சிவகங்கைப் பக்கம் வெள்ளம் வந்தால்தான் இப்படிச் செய்வோம். அப்போதுகூடப் பள்ளிக்கூடக் கட்டடம் திறந்துவிடுவார்கள். சாப்பாட்டுப் பொட்டலமும் உண்டு.

நாங்கள் இருக்கும் மின்னசோட்டாவில் இந்த வியாதி கொஞ்சம் முற்றிய நிலை. பத்தாயிரம் ஏரிகள் என்று கார் நம்பர் தகட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் 11,842 வருகிறது. இருப்பதைக் குறைத்துச் சொல்லிப் பெருமைப்படும் அரசாங்கத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வருடத்தில் பாதி நாள் அந்த ஏரிகள் உறைந்து கிடப்பதால், உருகியதும் ஊரே கரைக்கு ஓடுகிறது. வீட்டில் இருப்பவனை அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

ஒரு கோடையில் என் மாமனார் எங்களோடு இருந்தார். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராகச் சேர்ந்து, மாவட்டத்துக் கண்மாய்க் கரைகளிலேயே சர்வீஸை முடித்து ஓய்வு பெற்றவர். கரை, மடை, கலுங்கு, வாட்டம் என்ற நாலு வார்த்தைகளில் உலகத்தை அளந்துவிடுவார். சர்க்கரை வியாதி அவருடைய வலது காலை முழங்காலோடு எடுத்துக்கொண்டது. நாக்கை மட்டும் விட்டுவைத்தது.

அவருடைய பெட்டியில் வேட்டி, மாத்திரை, திருநீறு இவற்றோடு ஒரு ரசமட்டமும் ஒரு டேப்பும் எப்போதும் இருக்கும். கால் போனபிறகுதான் அவற்றின் உபயோகம் அதிகமாயிற்று. எந்த ஹோட்டலுக்குப் போனாலும் முதலில் வாசல் சாய்வுதளத்தில் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். குமிழி எங்கே நிற்கிறதோ அதை வைத்து அந்த ஹோட்டல் சாம்பாரைப் பற்றி அபிப்பிராயம் சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

"அப்பாவையும் கேம்பிங் கூட்டிட்டுப் போகலாமா?" என்று என் மனைவி கேட்டாள்.

"நான் எதுக்கும்மா? நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டுக்குக் காவல் இருக்கேன்" என்றார் மாமா. பொண்ணைக் கட்டிக்கொடுத்த ஒவ்வொரு தகப்பனுக்கும் இந்தக் குரல் ஒன்று உண்டு. அதற்கு அர்த்தம், "மாப்பிள்ளை இன்னும் ஒருதரம் கூப்பிடட்டும்" என்பது. கூப்பிட்டேன்.

எனக்கு உள்ளூரப் பயம். முன்பொரு தடவை வேறோர் ஏரிக்கரைப் பூங்காவுக்கு அவரைப் பகல்பொழுதுக்கு மட்டும் கூட்டிப் போயிருந்தோம். வாசலில் நீலப் பலகை, அதில் வெள்ளையாகச் சக்கர நாற்காலிப் படம். அந்தப் பலகை அழகாகத்தான் இருந்தது. அதைத் தாண்டிச் சாப்பாட்டு மேஜைக்குப் போக வேண்டுமென்றால் கணுக்கால் புதைகிற சரளைக்கல். முன்சக்கரம் இரண்டும் கல்லுக்குள் இறங்கி வண்டி கும்பிடு போட்டு நின்றுவிட்டது. மாமா மேஜையையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "சேரைப் படமா வரைஞ்சுட்டாப் போதுமா மாப்பிள்ளை? படத்துல இருக்கிறவனாலகூட அங்கே போக முடியாதே" என்றார். நாங்கள் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினோம்.

எனவே இந்தத் தடவை விசாரித்து, பெமிட்ஜி ஏரி மாநிலப் பூங்காவைப் பிடித்தேன். மினியாபொலிஸிலிருந்து வடக்கே கிட்டத்தட்ட நாலு மணி நேரக் கார்ப் பயணம். 1923-இல் உண்டான பூங்கா, 6,000 ஏக்கருக்கு மேல் விரிந்த ஏரி. வழியில் மாமாவுக்குப் பொழுது போகட்டும் என்று, திறந்தவெளி இடங்களில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு என்னென்ன வசதி இருக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசு 2013-இல் வெளியிட்ட விதிகளை அச்செடுத்துக் கொடுத்திருந்தேன். மத்திய அரசு நிலங்களுக்குத்தான் அது கட்டாயம். மாநிலப் பூங்காக்கள் பலவும் அதைப் பார்த்துக் கட்டுகின்றன.

அவருக்கு அப்படியொரு சந்தோஷத்தை நான் வாங்கிக் கொடுத்த எந்தச் சட்டையும் தந்ததில்லை. பின்சீட்டில் சாய்ந்துகொண்டு டெண்டர் நோட்டீஸ் படிப்பதுபோல் உரக்க வாசித்தார். "கூடாரம் அடிக்கிற தரை நாப்பத்தெட்டுக்கு ஒண்ணுக்கு மேல சாயக் கூடாது. சரி, மழைத்தண்ணி ஓடணுமில்ல. அடுப்பு வளையத்துல நெருப்பு மூட்டுற தளம் தரையிலேர்ந்து ஒன்பது அங்குலமாவது உசரமா இருக்கணும். பரவாயில்லையே, குனியாம கிளறலாம். அதைச் சுத்தி நாலு அடி காலியிடம். சாப்பாட்டு மேஜைக்கு அடியில முழங்கால் நுழைய இருபத்தேழு அங்குல உசரம். எனக்கு ஒரு முழங்கால்தான், பாதி போதும்."

"இதையெல்லாம் எப்படிப்பா எழுத வைச்சாங்க?" என்றாள் என் மனைவி.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இழுத்துக்கொண்டே கிடந்தபோது, 1990 மார்ச் 12 அன்று வாஷிங்டனில் பலர் தங்கள் சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் கீழே விட்டுவிட்டு, நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் கையாலும் முழங்காலாலும் ஊர்ந்தே ஏறினார்கள். அதில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அந்த வருடம் ஜூலை 26-இல் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார்.

மாமா கொஞ்ச தூரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உச்சிவரைக்கும் ஏறிட்டாங்களா?" என்றார்.

"ஏறிட்டாங்க மாமா."

"அப்ப, நாம அளந்து பார்க்கிறதுல தப்பே இல்லை" என்று டேப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

போய் இறங்கியதும் நான் கூடாரத்தைப் பிரிக்க, அவர் அளக்கப் புறப்பட்டார். கெட்டித்த தரை, சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது. அடுப்பு வளையத்தில் டேப்பை நிறுத்தி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். ஒன்பதுக்கு மேலேயே இருந்தது. மேஜையின் ஒரு முனை வெளியே நீண்டிருந்ததால் நாற்காலியோடு உள்ளே நுழைய முடிந்தது. ரசமட்டத்தைத் தரையில் வைத்தார், எடுத்தார், திருப்பி வைத்தார். குற்றம் கண்டுபிடிக்க முடியாத ஓவர்சியரைப் பார்த்திருக்கிறீர்களா? பாவமாக இருக்கும். கடைசியில், "ஏரியிலே இம்புட்டுத் தண்ணி கிடக்கு, கலுங்கைக் காணோமே" என்று அதில் ஒரு திருப்தி தேடிக்கொண்டார்.

அவருக்குத் தீனி பக்கத்து இடத்திலிருந்து கிடைத்தது. ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர் ஒருவர் தன் ட்ரெய்லர் வீட்டை நிறுத்திக்கொண்டிருந்தார். இந்த நடமாடும் வீடுகளில் ஒரு சங்கடம் உண்டு. மட்டமாக நிற்காவிட்டால் உள்ளே இருக்கும் சிலவகைக் குளிர்ப்பெட்டிகள் சரியாக வேலை செய்யாது, கதவு தானாகத் திறந்துகொள்ளும், படுத்தால் தலைக்கு ரத்தம் ஏறும். ஆகவே கணவர் முன்னும் பின்னும் ஓட்ட, மனைவி கீழே நின்று கையாட்ட, சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டைகளைச் செருகுவார்கள். முப்பது, நாற்பது வருடத் தாம்பத்தியம் ஆட்டம் காண்பது இந்தக் கால்மணி நேரத்தில்தான்.

மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அரித்தது. "வலது பக்கம் முக்கால் அங்குலம் இறக்கம்" என்றார் என்னிடம். நான் பேசாமல் இருந்தேன். "மாப்பிள்ளை, முக்கால் அங்குலம்." நான் ஆணி அடித்தேன். அதற்குமேல் தாங்காமல், நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போய், வண்டியின் பம்பர்மேல் ரசமட்டத்தை வைத்துவிட்டார்.

அந்த மனிதர் குனிந்து பார்த்தார். குமிழி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ட்ரெய்லரில் கம்பெனிக்காரன் ஒட்டிய குட்டி ரசமட்டம் நேராக இருப்பதாகச் சொன்னது. மாமா அதைச் சுட்டிக்காட்டி, பிறகு கையை விரித்து, உதட்டைப் பிதுக்கினார். இந்தச் சைகைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சேர்ந்தாற்போல் வேலை ஆரம்பமாயிற்று. "ஒன் மோர்!" என்பார் மாமா. அவர் ஒரு கட்டை செருகுவார். "லிட்டில் பேக்!" "ஸ்டாப், ஸ்டாப்! யோவ், ஸ்டாப்!" குமிழி நடுவில் வந்து நின்றதும் அந்த அம்மாள் கைதட்டினார். அன்று சாயங்காலத்துக்குள் அந்த வரிசையில் வேறு சில வண்டிக்காரர்களும் வந்து அவரை அழைத்துப் போனார்கள். அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் சக்கரம் இருக்கிறதா, இல்லையா என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. எல்லோர் கண்ணும் குமிழியிலேயே இருந்தது. ஓய்வு பெற்றபின் அவர் பார்த்த முதல் சைட் இன்ஸ்பெக்‌ஷன் அதுதான்.

சமையலிலும் அவருடைய அதிகாரம்தான். விறகை வெளியூரிலிருந்து கொண்டுபோகக் கூடாது, அனுமதி பெற்ற உள்ளூர் விறகைத்தான் எரிக்க வேண்டும். ஆஷ் மரத்தை உள்ளிருந்தே தின்று தீர்க்கும் ஒரு பச்சை வண்டு 2009-இல் இந்த மாநிலத்துக்குள் நுழைந்துவிட்டது, விறகோடு அது ஊர் ஊராகப் போகிறது என்பது காரணம். வாங்கிய கட்டை தணலானதும், மாமா நாற்காலியை வளையத்தின் ஓரம்வரை கொண்டுவந்து, நீளக் கிடுக்கியால் இரண்டு கத்தரிக்காயை அதில் புதைத்தார். எங்கள் வீட்டு அடுப்பு மேடை அவருடைய நெஞ்சு உயரம். அங்கே அவர் ஒரு அப்பளம்கூடச் சுட முடியாது. இங்கே ஒன்பது அங்குலத் தளத்தில் முழங்கையை மடிமேல் ஊன்றிக்கொண்டு கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பி விட்டார். தோல் கருகி வெடித்து, காம்போரம் சாறு கொப்பளித்து, தணலில் விழுந்து 'சுர்ர்' என்றது. பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், புளி போட்டு அவர் பிசைந்த துவையலைப் பக்கத்து ட்ரெய்லர்காரர் ரொட்டியில் தடவிச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. நட்பினால் என்று மாமா நினைத்துக்கொண்டார்.

ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய ஒன்பது மணிக்கு மேல் ஆகும். "இருட்டாம எப்படி ராத்திரிச் சாப்பாடு?" என்று அவர் ஒத்திப் போட்டுக்கொண்டே வந்ததில் மாத்திரை நேரமெல்லாம் தப்பிப் போனதையும், அதற்கு மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் இங்கே விவரிக்கவில்லை.

ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு மினியாபொலிஸ் புறநகரில் எல்லோர் வீட்டையும்போலத்தான் இருக்கும். வாசலில் படி. குளியலறையோடு கூடிய பெரிய கழிப்பறை மாடியில். கீழே இருக்கும் சின்னக் கழிப்பறைக்கு இருபத்துநாலு அங்குலக் கதவு. அவருடைய நாற்காலி அதைவிட அகலம். சட்டப்படி பொது இடங்களில் கதவு திறந்தால் முப்பத்திரண்டு அங்குலம் வழி கிடைக்க வேண்டும். தனியார் வீட்டுக்கு அந்தச் சட்டம் வராது. ஆகையால் ராத்திரியில் அவர் எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டுவார், நான் எழுந்துபோய்த் தோள் கொடுப்பேன், அவர் ஒற்றைக் காலில் தத்திப் போவார். இரண்டு பேரும் அப்போது பேசிக்கொள்ள மாட்டோம். மாமனாரும் மாப்பிள்ளையும் அந்த நேரத்தில் என்ன பேசுவது?

கூடாரத்துக்குள் நாற்காலி இருக்கை உயரத்துக்கே ஒரு மடக்குக் கட்டில் போட்டிருந்தேன். கூடார வாசலில் ஜிப்புக்குக் கீழே நிற்கும் துணி வரப்பு முன்சக்கரத்தில் சிக்கும் என்று, அதை அழுத்திப் பிடிக்க ஒரு ரப்பர் மிதியடியை அவரே விரிக்கச் சொன்னார். நடுநிசியில் விழித்துப் பார்த்தால் கட்டில் காலி. நாற்காலியும் இல்லை. எனக்குக் குலை நடுங்கிவிட்டது. பக்கத்தில் ஏரி, சுற்றிலும் காடு, கரடியும் உண்டு என்கிறார்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினேன். கழிப்பறைப் பாதையில் எதிரே வந்துகொண்டிருந்தார், மடியில் தண்ணீர்ச் செம்பு.

"மூஞ்சியிலே வெளிச்சம் அடிக்காதீங்க மாப்பிள்ளை. என்ன, தூக்கம் வரலையா?"

"எழுப்பியிருக்கலாமே மாமா."

"எதுக்கு?" என்றார். "வழியெல்லாம் மட்டமா இருக்கு. உள்ளே கைப்பிடிக் கம்பி சரியான உசரத்திலே இருக்கு. முப்பத்தஞ்சு அங்குலம், அளந்துட்டேன். நீங்க வந்து என்ன பண்ணப்போறீங்க?"

காட்டுக்குள் இருக்கும் பொதுக் கழிப்பறை, தவணை கட்டும் என் வீட்டைவிட அவருக்கு ஒத்துவந்தது. எனக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் குறட்டை விட்டார்.

மறுநாள் டிராக் சேர். ஜேசிபி வண்டிக்குச் சக்கரத்துக்குப் பதில் ரப்பர்ப் பட்டை போட்டு ஓடுமே, அந்தப் பட்டைகள்மேல் நாற்காலியை ஏற்றிவைத்து, கைப்பக்கத்தில் ஒரு குச்சியைக் கொடுத்தால் அதுதான். இதே மின்னசோட்டாவின் மார்ஷல் என்ற ஊரில் செய்கிறார்கள். விபத்தில் நடக்க முடியாமல் போன மகன் மறுபடி காட்டுக்குள் போகட்டும் என்று ஒரு தகப்பனார் ஆரம்பித்த வேலை. 2022-இல் மாநிலம் ஐந்து பூங்காக்களில் இதைக் கொண்டுவந்தது. பெமிட்ஜி அதில் ஒன்று. முன்கூட்டிச் சொல்லிவைத்தால் கிடைக்கும், வாடகை கிடையாது.

"வாடகை கிடையாதா? எலெக்‌ஷன் ஏதும் வருதா?" என்று மாமா சந்தேகப்பட்டார். பிறகு ஏறி உட்கார்ந்து குச்சியைப் பிடித்தார். "சர்வீஸ் பூரா பொக்லைன் ஓட்டுறவனைத் திட்டியிருக்கேன். இன்னிக்குத்தான் ஓட்டப்போறேன்." வேர், மண், சேறு என்று ஒன்றையும் மதிக்காமல் அது போயிற்று. நடக்கிற வேகம்தான். ஆனால் கால் போனதிலிருந்து மற்றவர்கள் தள்ளும் வேகத்தில் போனவருக்கு அது அவருடைய வேகம். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த என்னைப் பார்த்து, "மெதுவா வாங்க, அவசரமில்லை" என்றார். அந்த வாக்கியத்தைச் சொல்ல அவர் வெகுநாள் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

பூங்காவில் சதுப்பு நிலத்தின்மேல் சுமார் கால் மைல் நீளத்துக்குப் பலகை பாவிய பாதை ஒன்று இருக்கிறது. ஓரங்களில் பூச்சி தின்னும் செடிகள். குடுவை மாதிரி இலையை வைத்துக்கொண்டு வாய் திறந்து காத்திருக்கும் ஒரு ஜாதி. இலை மயிரில் பிசின் துளி மின்னும் இன்னொரு ஜாதி, நம்மூர் வைத்தியர்கள் அழுகண்ணி என்பார்களே, அதற்குப் பங்காளி. கொசுக்கள் மேகமாக நின்றன. மாமா குடுவைச் செடியைக் குனிந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுக் கொசுவுக்கு இத்தனூண்டு செடியா? ஸ்டாஃப் பத்தாது" என்று தீர்ப்புச் சொன்னார். கொசு அவருக்கு எந்தச் சலுகையும் காட்டவில்லை. என்னைக் கடித்த அளவு அவரையும் கடித்தது. ஒரு கால் குறைவு என்பதை மட்டும் கழித்துக்கொண்டது.

பக்கத்தில் இட்டாஸ்கா ஏரியில்தான் மிஸிஸிப்பி பிறக்கிறது. அங்கிருந்து வடக்கே ஓடி பெமிட்ஜி ஏரிக்குள் புகுந்து, வெளியேறிக் கிழக்கே போய், அதற்குப் பிறகுதான் தெற்கே திரும்புகிறது. "முதல்ல வடக்கேயா? யாரு லெவல் எடுத்தது?" என்று மாமா கோபப்பட்டார். ஊற்றுக்கண்ணில் நட்டிருக்கும் மரத்தூணில், கடல்மட்டத்துக்கு மேல் 1,475 அடி, கடலில் கலக்கும் வளைகுடாவுக்கு 2,552 மைல் என்று பொறித்திருக்கிறார்கள். அவர் மனக்கணக்குப் போட்டார். "மைலுக்கு ஏழு அங்குலம்கூட முழுசா இல்லை. ஒன்பதாயிரத்துக்கு ஒண்ணு. சாய்வுதளத்துக்கு நாம பன்னெண்டுக்கு ஒண்ணு கேட்டு மனுப் போடுறோம், இது ஒன்பதாயிரத்துக்கு ஒண்ணுல கடலுக்கே போயிருது." ஒரு நதியை அவர் இவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை.

திரும்பும் வழியில் மெரினாவைப் பற்றிப் பேசினார். சென்னையில் 2022 நவம்பர் 27-இல், 263 மீட்டர் நீளத்துக்கு மணல்மேல் மரப்பாதை போட்டுத் திறந்தார்கள். சர்க்கார் செலவு ஒரு கோடியைத் தாண்டியது. கடலைத் தொட்டுவிடும் தூரத்தில் பார்த்துச் சக்கர நாற்காலிக்காரர்கள் பலர் அழுதார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து அதில் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. மறுபடி சரிசெய்தார்கள். "புயல் உடைச்சதைத் திரும்பக் கட்டினானே, அதுதான் வேலை. எங்க கண்மாய்க் கரையிலும் ஒண்ணு போட்டா என்ன? நான் எஸ்டிமேட் போட்டுத் தர்றேன்" என்றார். ஊருக்குப் போனதும் போட்டும் கொடுத்தார். மனு இப்போது எந்த மேஜையில் இருக்கிறது என்று வாராவாரம் போனில் சொல்கிறார்.

அமெரிக்கத் தமிழர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை நயாகரா, காஸ்ட்கோ, கோயில் என்று சுற்றிக் காட்டிவிட்டு, கேம்பிங் மட்டும் அவர்களால் முடியாது என்று நீங்களே முடிவுகட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மின்னசோட்டாவில் 120 நாட்களுக்கு முன்பே இடம் பதிவு செய்யலாம். டிராக் சேர் வேண்டுமென்றால் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நன்றாக நடக்கிற இளவட்டங்களே, தரை மட்டமாக இருக்கிறது, கழிப்பறை கிட்டே இருக்கிறது என்பதற்காகச் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு ஒதுக்கிய இடங்களைப் பிடித்துவைக்காதீர்கள். உங்களுக்குச் சரளைக்கல்லும் மேடுபள்ளமும் வேண்டிய மட்டும் இருக்கின்றன.